எமினெமை ரசிக்கலாம், வக்காலத்து வாங்க வேண்டாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வேளச்சேரியில் தோழியோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பெண். அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ‘தி மார்ஷல் மேதர்ஸ் எல்.பி.’ ஆல்பம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பெண்களைப் பற்றியும் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றியும் அதில் வருகிற வரிகள் அவர் நம்புகிற எல்லாவற்றுக்கும் நேர் எதிர். “இதையும் கேட்டுக்கிட்டு பெண்ணுரிமையும் பேசாதடி” என்று அறைத்தோழி சொல்லிவிட்டாராம். ரசிப்பது தப்பா, தோழிக்கு என்ன பதில் சொல்வது, பிளேலிஸ்டிலிருந்து தூக்கிவிடலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார்.

ரசிப்பது தப்பில்லை. ஒரு தாளம் பிடித்துப்போவதற்குக் காது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, உங்கள் கொள்கைகளிடமும்தான். எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்து நடப்பது. பிடித்துப்போனதுமே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆல்பத்துக்காக வாதாடக் கிளம்பிவிடுகிறோம். நான் வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஒலிக்கலவை வேலை செய்கிறவன். ராப் பாட வருகிற பிள்ளைகள் டீ இடைவேளையில் இந்த ஆல்பத்துக்காக வாதாடி நிறையக் கேட்டிருக்கிறேன். சுற்றிச் சுற்றி ஒரே சாக்குகள்தான் வரும். அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாலே உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

“நான் பீட்டுக்காகத்தான் கேட்கிறேன், வரிகளைக் கவனிப்பதே இல்லை” என்பது சென்னையில் அதிகம் கேட்கிற சாக்கு. மெல்லிசைப் பாட்டு என்றால் இதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ராப்பில் இது செல்லாது, ஏனென்றால் அங்கே வார்த்தையே தாள வாத்தியம். டாக்டர் டிரே இந்த ஆல்பத்தில் தயாரித்த பாட்டுகளைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு பேஸ்லைன், இறுக்கமான டிரம்ஸ், மேலே எங்கோ ஒரு சின்ன கிடார் அல்லது கீபோர்டு, அவ்வளவுதான். நடுவில் முழு இடத்தையும் காலியாக விட்டிருப்பார், குரல் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக. கலவை செய்கிறவனாக எனக்கு அந்தத் துணிச்சல்மேல் பொறாமை உண்டு. நம் சினிமாப் பாட்டில் அவ்வளவு வெற்றிடம் விட்டால் தயாரிப்பாளர், “இன்னும் ஏதாவது போடுங்க சார்” என்பார்.

அந்த வெற்றிடத்தில் எமினெம் செய்வது என்ன? நம் யாப்பில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் உட்காரும். அடியின் கடைசியில் ஒலி ஒத்துவருவதை இயைபு என்பார்கள். எமினெம் இயைபோடு நிற்பதில்லை. வரியின் நடுவில் ஒன்று, முக்காலில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நான்கைந்து அசைகளின் உயிரோசையை அப்படியே அடுத்தடுத்த வரிகளுக்குக் கடத்திக்கொண்டு போவார். ஒத்துவராத சொல்லை உச்சரிப்பை வளைத்தே ஒத்துவர வைப்பார். கேட்கிறவருக்கு மூச்சு வாங்கும், அவருக்கு வாங்காது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மிக அழுத்தமாக விழுகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் அந்த அசிங்கமான சொல்லும் இருக்கும். அது தற்செயலாக நடப்பதல்ல. அடுத்து வரப்போவது தெரிந்தே காது அதற்காகக் காத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால், கெட்ட சொற்களை மௌனமாக்கி வெளியிட்ட சுத்தப் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். நடை நொண்டும். ஆக, நீங்கள் ரசிக்கிற இடமும் உங்களுக்கு வலிக்கிற இடமும் பல வரிகளில் ஒன்றேதான். பீட்டைத் தனியாகவும் வரியைத் தனியாகவும் பிரித்துவைக்க முடியாது.

இதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. அருணகிரிநாதரின் திருப்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். 1,300-க்கும் மேற்பட்ட பாட்டுகள், சந்தத்தில் அதை மிஞ்ச தமிழில் எதுவும் இல்லை என்றே சொல்வேன். அதில் ஏராளமான பாட்டுகளின் முன்பாதி விலைமாதரின் உடலையும் ‘வஞ்சகத்தையும்’ வரிசையாக வருணித்து இகழ்வது. பின்பாதியில்தான் முருகன் வருவார், காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுவார் புலவர். மயிலாப்பூர், மாம்பலம் பஜனைகளில் பாடப்படும் பாட்டுகளில் அந்த வருணனைகள் அதிகம் தலைகாட்டாது, பொறுக்கி எடுத்துத்தான் பாடுவார்கள். பட்டினத்தாரின் துறவுப் பாடல்களிலும் பெண்ணுடலைப் பார்த்து முகம் சுளிக்கிற வரிகள் நிறைய. வசை பாடக் காளமேகம் என்று ஒரு புலவருக்குப் பட்டமே கொடுத்து வைத்திருக்கிறோம். கேட்கவே கூசுகிற பொருளை மயக்குகிற ஓசையில் வாங்கிக்கொள்வது நமக்கு ஐந்நூறு வருடப் பழக்கம். பழசானதால் யாரும் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவே.

அடுத்த சாக்கு கொஞ்சம் படித்தவர்களுடையது: “அது எமினெம் பேசுவதல்ல, ஸ்லிம் ஷேடி என்கிற பாத்திரம் பேசுவது.” இதில் உண்மை இருக்கிறது, பாதி. மார்ஷல் மேதர்ஸ் என்பது அவருடைய இயற்பெயர், எமினெம் மேடைப்பெயர், ஸ்லிம் ஷேடி அவர் கட்டிய வில்லன் முகமூடி. ஆல்பம் முழுக்க மூன்று பேரும் மாறி மாறி வருகிறார்கள். இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போவது ‘ஸ்டான்’ பாட்டில். ஒரு ரசிகன் எழுதும் கடிதங்கள், பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம், பின்னால் மழை, பாடகி டைடோவின் குரலில் எடுத்தாண்ட பல்லவி. பதில் வராத ஆத்திரத்தில் அவன் கர்ப்பிணிக் காதலியைக் கார் டிக்கியில் அடைத்துக்கொண்டு பாலத்திலிருந்து விழுகிறான். கடைசிக் கண்ணியில்தான் எமினெம் நிதானமாகப் பதில் எழுத உட்காருகிறார், தாமதமாக. ‘நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறவன் என்ன ஆவான்’ என்று தன் வரிகளைத் தானே விசாரிக்கிற பாட்டு அது. ராப்பில் கதை சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அதே வட்டில் ‘கிம்’ என்ற பாட்டும் இருக்கிறது. மனைவியைத் திட்டி, அடித்து, கொல்லும் ஆறு நிமிடங்கள். மனைவியின் அலறலையும் அவரே குரல் மாற்றிப் பேசுகிறார். கிம் என்பது அப்போது அவருடைய நிஜ மனைவியின் பெயர். உயிரோடு, அதே ஊரில், அவருடைய மகளை வளர்த்துக்கொண்டிருந்த பெண். ஸ்டான் கற்பனை ஆள், கிம் கற்பனை ஆள் இல்லை. முகமூடி வாதம் முதல் பாட்டில் நிற்கும், இரண்டாவதில் சரிந்துவிடும். ‘கிரிமினல்’ பாட்டில் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி வருவதற்கும் இதே கதிதான். முன்னுரையிலேயே ‘நான் சொல்வதை நம்புகிறவன் முட்டாள்’ என்கிற மாதிரி சிரித்துவிட்டு, அப்புறம் அடிக்கிறார். சிரித்ததால் அடி வலிக்காமல் போய்விடாது.

ஒரு இடைச்செருகல். இந்த ஆல்பத்தின் தணிக்கையைப் பார்த்தால் வேடிக்கையான ஒரு விஷயம் தெரியும். சுத்தப் பதிப்பில் ‘கிம்’மை எடுத்துவிட்டு வேறு பாட்டு வைத்தார்கள், சரி. ஆனால் ‘பெற்றோர் கவனத்துக்கு’ முத்திரை ஒட்டி, எல்லாக் கெட்ட வார்த்தைகளோடும் வந்த மூலப் பதிப்பிலேயே ஓரிடத்தில் சொற்கள் அமுக்கப்பட்டிருக்கின்றன. 1999-இல் துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் பள்ளியைக் கேலி செய்கிற வரி அது. மனைவியைக் கொல்வது போகலாம், பள்ளிப் பிள்ளைகளைத் தொடக் கூடாது. எல்லையே இல்லாத கலைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எல்லை இருந்தது. அது யாரைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றவில்லை என்பதுதான் கேள்வி.

“அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது” என்பதும் அடிக்கடி வரும். இது சுத்தப் பொய். ஆல்பம் 2000 மே மாதம் வெளியானது. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எதிர்ப்பும் அதே சூட்டோடு வந்தது. அந்தச் செப்டம்பரில், துணை அதிபர் வேட்பாளரின் மனைவி லின் செனி அமெரிக்க செனட் குழு முன்னால் இதன் வரிகளைச் சுட்டிக்காட்டிப் பேசினார். அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அமைச்சர் ஒருவர் எமினெமை எல்லையிலேயே நிறுத்தச் சொன்னார். டொரொன்டோ நிகழ்ச்சி என்னவோ நடந்துவிட்டது. 2001 பிப்ரவரியில் கிராமி விழா அரங்குக்கு வெளியே தன்பாலீர்ப்பாளர் அமைப்புகள் போராடிக்கொண்டிருக்க, உள்ளே, தானே தன்பாலீர்ப்பாளரான பாடகர் எல்டன் ஜான் எமினெமோடு சேர்ந்து ‘ஸ்டான்’ பாடினார். சிறந்த ராப் ஆல்பம் விருது கிடைத்தது, ஆண்டின் சிறந்த ஆல்பம் ஸ்டீலி டான் குழுவுக்குப் போனது. ஆக, உங்கள் தோழி சொல்வது இன்றைய இணையத் தலைமுறையின் நோண்டல் இல்லை. அந்த ஆல்பத்துக்கு எவ்வளவு வயதோ அவருடைய ஆட்சேபத்துக்கும் அவ்வளவு வயது.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தோழிக்கு நான் ரசீது எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ராப்பை எதிர்க்கிறவர்கள் எல்லாரும் பெண்களுக்காக எதிர்க்கிறவர்கள் இல்லை. 1989-இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அவரை உறுத்தியது பெண்களைத் திட்டிய வரிகள் இல்லை, போலீஸைத் திட்டிய வரி. 1990-இல் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். ஆல்பத்தை விற்ற கடைக்காரர் கைதானார், மேடையில் பாடியவர்களும் கைதானார்கள். பாடியவர்கள் மீதான வழக்கில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் என்ற பேராசிரியர் சாட்சிக் கூண்டில் ஏறி, ஒருவரையொருவர் வசைபாடிப் போட்டியிடுவது கறுப்பின மக்களின் பழைய மரபு என்று விளக்கினார். அவர்கள் விடுதலையானார்கள். ஆபாசத் தீர்ப்பும் 1992-இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

நம்மூர்க் கானாவுக்கும் இந்த அனுபவம் உண்டு. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டை, நகரத்தின் இன்னொரு பாதி வெகுகாலம் ‘ரவுடிப் பசங்க பாட்டு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ஒரே மேடையில் நின்று இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடின. அதுவும் சிலருக்குக் காது கூசியது. ஆகவே ‘புண்படுத்துகிறது’ என்று கேட்டவுடன், யாரைப் புண்படுத்துகிறது என்று ஒரு முறை கேட்டுவிடுவது என் வழக்கம். அதிகாரத்தில் இருக்கிறவன் புண்பட்டால் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ‘கிம்’மில் அடி வாங்குவது அதிகாரத்தில் இருந்தவர் இல்லை. போலீஸைத் திட்டிய அந்த என்.டபிள்யூ.ஏ. வட்டிலேயே, அதிகாரத்தின் மீதும் பெண்கள் மீதும் விழுகிற இரண்டு வகை அடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த வட்டை ஒரே வார்த்தையில் புரட்சி என்றோ குப்பை என்றோ சொல்கிறவர் முழுசாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சாக்கு, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: ஆங்கிலம்தானே! பிற மொழி வசை நமக்கு வயிற்றில் இறங்குவதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தபோது இணையத்தில் வந்த ‘பீப் சாங்’ ஞாபகம் இருக்கும். பெண்ணுறுப்பைக் குறிக்கிற ஒரு தமிழ்ச் சொல், அதுவும் பாதி மறைத்தது. மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, காவல் நிலையங்களில் புகார், நீதிமன்றம், முன்ஜாமீன் மனு. எமினெமின் ஆல்பத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பாட்டு குழந்தை. அப்படியும் அன்றைக்குக் கொதித்த எத்தனையோ பேருடைய போனில் எமினெமும் இருந்திருப்பார். கொதித்தது தப்பென்று சொல்லவில்லை. தாய்மொழியில் விழுந்தபோது வலித்த அதே அடி, ஆங்கிலத்தில் விழும்போது ஏன் வெறும் ஓசை ஓட்டமாக, ‘ஃப்ளோ’ ஆகத் தெரிகிறது என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும், தோழிக்கு ஏன் வலிக்கிறது என்பது புரிந்துவிடும். அவருக்கு ஆங்கிலம் உங்களைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கலாம். அல்லது ‘கிம்’ மாதிரி ஒரு சத்தத்தை அவர் எங்காவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கலாம்.

சரி, அவரிடம் என்ன சொல்வது? மேலே நான் அளந்த வரலாறு எதையும் சொல்லாதீர்கள். அவர் ஆராய்ச்சிக் கட்டுரை கேட்கவில்லை. “எனக்குப் பிடிச்சிருக்கு. அதில் வர்றது அசிங்கம்னும் தெரியும். உன்னைக் கேட்கச் சொல்ல மாட்டேன்” என்றால் போதும். அவருக்குப் பிடிக்க வைக்க முயலவே வேண்டாம். ‘முழு ஆல்பத்தையும் கேட்டால்தான் புரியும்’ என்று வற்புறுத்துகிற ரசிகரைப் போல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை.

அதோடு, ஹெட்ஃபோனில் கேட்பதும் ஸ்பீக்கரில் வைப்பதும் ஒன்றல்ல. இதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1992-இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தின் ‘போற்றிப் பாடடி பெண்ணே’ பாட்டில் இளையராஜாவின் இசையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. வீட்டில் தனியாகக் கேட்டால் அது ஒரு பாட்டு. தென் மாவட்டங்களில் சாதிப் பெருமைக்காக ஒலிபெருக்கி கட்டி வைத்தபோது, கேட்க விருப்பமில்லாதவர் வீட்டு வாசலில் அதே பாட்டு மிரட்டலானது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. கேட்கிறவருக்கு எழுந்து போக வழி இருந்ததா என்பது மட்டும் மாறியது. பத்துக்குப் பத்து அறையில் உங்கள் தோழிக்கும் எழுந்து போக இடமில்லை. அலுவலக வேன், ஜிம், பிறந்தநாள் பார்ட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

கூடவே பாடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் கறுப்பின ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் ஒரு வெள்ளைக்கார ரசிகையை மேடைக்கு அழைத்துப் பாடச் சொன்னார். கறுப்பின மக்களை இழிவுசெய்யும் சொல்லையும் அந்தப் பெண் விடாமல் பாட, நடுவிலேயே நிறுத்திவிட்டார். நம் கல்லூரி விழாக்களில் அந்தச் சொல் சர்வசாதாரணமாக மைக்கில் வருகிறது. ஒரு சாதிப் பெயரை வசையாகச் சொல்ல வாய் கூசுகிறவர்களுக்கும் அது கூசுவதில்லை. எமினெம் தன் ஆல்பத்தில் அந்தச் சொல்லைத் தொடவில்லை, தனக்கு அந்த உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரியும். தன்பாலீர்ப்பாளர்களை இழிக்கும் சொல்லுக்கு மட்டும் அந்த யோசனை வரவில்லை. கேட்பது காது, சொல்வது வாய். இரண்டாவதில் நமக்கு இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு சாத்தியம்.

பிளேலிஸ்டிலிருந்து தூக்குவதா என்றால், எதற்கு? தூக்கினால் யாருக்கும் நீதி கிடைக்கப்போவதில்லை. ஆளைப் பார்த்துத் தூக்கக் கிளம்பினால் டாக்டர் டிரேயிலிருந்து தொடங்க வேண்டும். 1991-இல் டீ பார்ன்ஸ் என்ற பெண் தொகுப்பாளரை விருந்தில் வைத்து அடித்தவர் அவர். பொதுவில் வருத்தம் தெரிவிக்க 2015 ஆனது. எமினெமும் பின்னாளில் அம்மாவிடம் ஒரு பாட்டிலும் கிம்மிடம் ஒரு பாட்டிலும் மன்னிப்புக் கேட்டார். அதை வைத்து 2000-ஆம் ஆண்டு ஆல்பத்தைக் கழுவிவிட முடியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டாரே என்பதும் இன்னொரு வக்காலத்துதான்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். இத்தனை நாள் ‘கிம்’மை நீங்கள் தாண்டிப் போயிருக்கலாம், அல்லது வேறு வேலை செய்துகொண்டே ஓடவிட்டிருக்கலாம். ஒரு தடவை, தோழி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அதில் நகைச்சுவை கிடையாது, துள்ளலான பல்லவி கிடையாது, ஸ்லிம் ஷேடியின் குரங்குச் சேட்டை கிடையாது. மற்ற பாட்டுகளில் கூர்மையான ஓசை எதையெல்லாம் மூடிக்கொடுக்கிறதோ, அது அங்கே மூடாமல் கிடக்கிறது. கேட்டு முடித்த பிறகும் ‘ஸ்டான்’ பிடித்தால் பிடிக்கட்டும், எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது. ‘கிம்’மை அதற்கப்புறம் எப்போதும்போல் தாண்டிப் போகலாம், நானும் தாண்டித்தான் போகிறேன்.